மீசை வைத்த தாத்தா

என் தகப்பனை நான் தாத்தா என்றுதான் கூப்பிட்டேன். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் எனக்கு உறவுமுறை தெரியாது என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். நாங்கள் குடியிருந்த மாம்புரியில், பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளைகளுக்கோ தாத்தா என்றால் அக்கா. அந்த வீட்டு உம்மா வேலியருகே என்னைக் கண்டால் விடமாட்டார்.

"எங்கட தாத்தாக்கு மீசையில்ல புள்ள. ஒண்ட தாத்தாக்குத்தான் மீசை ஈக்கி" என்று சீண்டுவார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவேன். தாத்தா வலைக்குப் போய் வந்த களைப்பில் படுத்திருப்பார். நடந்ததைச் சொன்னால் எழும்பி உட்கார்ந்து, மீசையை முறுக்கிக்காட்டிச் சிரிப்பார்.

அப்பா என்ற சொல்லும் எங்கள் வீட்டில் இருந்தது. ஆனால் அது வேறொருவருக்குச் சொந்தமானது. என் அம்மா உடப்பு என்ற தமிழ் ஊர்க்காரி. தன்னைப் பெற்றவரை அவள் அப்பா என்று சொல்வாள். அவள் வாயைப் பார்த்து வளர்ந்த நானும் அந்த மனிதரை அப்பா என்றே சொன்னேன். அவர் ஒரேயொரு தடவை மாம்புரிக்கு வந்தார். வாசலில் நின்று அம்மாவை வாயால் சொல்லக்கூடாத சொற்களால் ஏசினார். பிறகு உள்ளே வந்து, அடுப்பிலிருந்த மீன்குழம்புச் சட்டியைத் தூக்கி மணலில் அடித்தார். நான் கட்டிலுக்கடியில் புகுந்தவள், அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். தாத்தா கடலுக்குப் போயிருந்த நேரம் அது; சட்டி கைதவறி உடைந்தது என்று அம்மா அவரிடம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு நான் சோறு தின்ன அடம்பிடித்தால், "அப்பா வாறார்" என்று அம்மா சொன்னாலே போதும்.

அவருடைய கோபத்துக்குக் காரணம், அம்மாவும் தாத்தாவும் கல்யாணம் முடிக்காமல் குடித்தனம் நடத்தியதுதான். முடிக்க விருப்பமில்லாமல் இல்லை. தாத்தாவுக்கு இளவயதில் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. அந்தப் பெண் இத்தாலிக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாள். திரும்பி வரவுமில்லை, விவாகரத்துக் கொடுக்கவுமில்லை. கடலுக்கு அப்பால் ஒருத்தி சும்மா இருந்ததால், இந்தக் கரையில் என் அம்மா கடைசிவரை யாருக்கும் மனைவியாகவில்லை.

எனக்கு ஏழு வயதானபோது அம்மா காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள். செத்தவீட்டுக்கு உடப்பிலிருந்து வந்தவர்களில் அம்மாவின் அண்ணனும் இருந்தார். மாமா நல்ல மனிதர், அதை நான் இன்றைக்கும் சொல்வேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எல்லாரும் அழுதுகொண்டிருக்க, எனக்குப் பசிக்கும் என்று நினைத்துப் பாணும் வாழைப்பழமும் வாங்கிவந்து தந்தவர் அவர் ஒருவர்தான். தங்கச்சியின் பிள்ளையைத் தன் வீட்டில் வளர்க்கவேண்டும் என்று அவர் கேட்டார். தாத்தா தரமாட்டேன் என்றார். பேச்சு முற்றிப் பொலிசுக்குப் போய், அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்தின் கண்ணில் தாத்தா எனக்கு யாருமில்லை. கல்யாணமில்லை, பிறப்புப் பதிவில் அவர் பெயருமில்லை. ஆனாலும் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டுப் பார்ப்போம் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக முடிவெடுத்தார்கள்.

கேட்டவர் ஒரு நன்னடத்தை உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பெண். என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, டொபி தந்தார். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், பூனைக்குட்டி எல்லாம் விசாரித்த பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, பயப்பிடாமச் சொல்லும். உமக்கு அப்பாவோட இருக்க விருப்பமோ, மாமாவோட இருக்க விருப்பமோ?"

எனக்கு மணலில் சிதறிய குழம்புச்சட்டி ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது.

"அப்பாவோட இருக்க மாட்டன். எனக்குப் பயம்" என்றேன்.

"ஏன் பயம்? அடிக்கிறவரோ?"

"அம்மாவுக்கு ஏசினவர். சட்டியெல்லாம் உடைச்சவர்."

அவர் என் தலையைத் தடவினார். "அப்ப மாமாவோட போறீரோ?" என்றார். நான் ஓம் என்றேன். கேள்வியில் தாத்தா இல்லவேயில்லை. உடப்பில் யார் வீட்டில் கொஞ்சநாள் நிற்க விருப்பம் என்று கேட்கிறார் என்றுதான் எனக்கு விளங்கியது. அது முடிந்ததும் தாத்தாவோடு வீட்டுக்குப் போவதை யாராவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. வளர்ந்து பெரியவளான பின், தாத்தா ஏன் ஒருநாள்கூட என்னைப் பார்க்க வரவில்லை என்று மாமாவிடம் சண்டைக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். அவர்தான் வரவிடாமல் தடுத்திருப்பார் என்று அவ்வளவு காலமும் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

மாமா திகைத்துப்போனார். "நான் ஏன் தடுக்கிறன்? நீதானே புள்ள அவரோட இருக்க மாட்டன் எண்டு சொன்னாய். கோட்டில எல்லாருக்கும் முன்னால வாசிச்சாங்களே" என்றார்.

அந்த அம்மணி தமிழில் எழுதியதை நீதிபதிக்காகச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையுமில்லை. அப்பாவுக்குச் சிங்களம் தாத்தா. பிள்ளைக்குத் தாத்தாவோடு இருக்க விருப்பமில்லை, தாத்தா அம்மாவை ஏசுவார், சட்டி உடைப்பார், பிள்ளைக்கு அவரைக் கண்டால் பயம். என் தாத்தாவின் மொழியில், நான் அவரைக் கூப்பிட்ட அதே சொல்லில், அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறார்கள். நீதிபதி ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாராம்.

இதை நான் அறிந்தபோது தாத்தா செத்து இரண்டு வருடமாகியிருந்தது. யாரிடம் போய் விளக்கம் சொல்வது? தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் மனம் ஆறாமல் சொல்லி அழுதேன். நான் சரியாகச் சொல்லியிருந்தாலும் கல்யாணம் முடிக்காத தகப்பனுக்கு என்னைக் கொடுத்திருப்பார்கள் என்பது நிச்சயமில்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம். கொடுக்காவிட்டால் போகட்டும். பிள்ளைக்கு உன்மேல் உயிர், சட்டம்தான் இடம்கொடுக்கவில்லை என்று அந்த மனிதர் அறிந்து செத்திருக்கலாமே.

தீர்ப்புச் சொன்ன அன்று நீதிமன்றத்துக்கு வெளியே மாமாவின் வான் நின்றது. எனக்கு யன்னலோரம் இடம் கிடைத்த சந்தோசம். தாத்தா மெதுவாக நடந்துவந்தார். ஏறுங்க என்றேன். அவர் ஏறவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கண் சிவந்திருந்தது. கடல்காற்றில் அவர் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"துவே" என்றார். மகளே என்று அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "தாத்தாவோட கோபமா?"

அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். வலை முடிகிற கைக்குத் தளர்வாகப் பின்னத் தெரியாது. நீதிமன்றத்துக்குப் போகிறோம், பிள்ளை நேர்த்தியாக இருக்கவேண்டும் என்று அன்று காலை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னியிருந்தார். உச்சி இன்னும் நொந்துகொண்டிருந்தது.

"ஓம்" என்றேன்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். மாமா வானைக் கிளப்பினார். தாத்தா பின்னால் பஸ்ஸில் வருவார் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னலை அவிழ்க்கத் தொடங்கினேன். வந்ததும் நோகாமல் திரும்பப் பின்னிவிடச் சொல்லலாம் என்று.