காப்பிக்கொட்டை ஷெட்டில் படித்த இங்கிலீஷ்

காஞ்ச காப்பிக்கொட்டைத் தூசிக்கு ஒரு வாசம் உண்டு. சாக்கு வாசமும் மண் வாசமும் கலந்த மாதிரி... மூக்குல ஏறினா சாயங்காலம் வரைக்கும் இறங்காது.

எனக்கு இங்கிலீஷ்னா இன்னைக்கும் அந்த வாசம்தான்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். ஏற்காட்டுல மஞ்சக்குட்டை பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். மிளகு பறிக்க மரம் ஏறின அப்பா விழுந்து இடுப்பு போனதுல இருந்து அம்மா சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. நான் அப்பதான் சேலத்துல பி.ஏ. முடிச்சிருந்தேன். எஸ்டேட் கூலி ஜனங்க இருக்கற எங்க லைன் வீடுகள்லயே முதல் டிகிரி.

எஸ்டேட்டை விக்கப் போறாங்கன்னு கணக்கு எழுதற ரைட்டர் சொல்லிட்டார். வித்துட்டா லைனைக் காலி பண்ணணும். எனக்கு ஒரு வேலை கிடைச்சா சேலம் பஸ் நிக்கற ஒண்டிக்கடை பக்கம் ஒரு ரூம் எடுத்து, அப்பாவைக் கொண்டு போய்ப் படுக்க வைக்கலாம். அவ்வளவுதான் எங்க கனவு.

சேலத்துல ஒரு கம்பெனியில கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணியிருந்தேன். அடுத்தது இன்டர்வியூ. சமுதாயம், பொருளாதாரம்னு இங்கிலீஷ்லயே பேசச் சொல்லுவாங்கன்னு கூடப் படிச்சவ பயமுறுத்தினா. பழைய புத்தகக் கடையில ஒரு புத்தகம் வாங்கினேன். ப்ரெட்வின்னர், காஸ்ட் ஆஃப் லிவிங், வீக்கர் செக்‌ஷன், ஹேண்ட் டு மவுத்...

அர்த்தமெல்லாம் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் வராது. தமிழ்லயே நாலு பேர் முன்னாடி பேசாதவ நான்.

ஷெட்டுல பொம்பளைங்க வரிசையா உக்காந்து கறுப்புக்கொட்டை, உடைஞ்ச கொட்டையெல்லாம் பொறுக்கித் தள்ளுவாங்க. அம்மா பக்கத்துல நானும் உக்காந்து, பொறுக்கிக்கிட்டே வார்த்தைகளை முணுமுணுப்பேன். எதிர்ல மரியாக்கா. புருஷன் விட்டுட்டுப் போனவங்க. ரெண்டு பொண்ணுங்க.

"ஏங்கண்ணு, நீயே தின்னுட்டிருந்தா எப்படி? எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடு."

அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆளுக்கு ஒரு வார்த்தை. நான் தமிழ்ல அர்த்தம் சொல்லணும். அந்த வார்த்தைக்காரி இங்கிலீஷ்ல கத்தணும். அப்புறம் நான் அதே சத்தத்துல திருப்பிச் சொல்லணும். சத்தம் குறைஞ்சா மறுபடியும் முதல்ல இருந்து.

அம்மாவுக்கு ப்ரெட்வின்னர், சம்பாதிச்சு வீட்டுக்கே சோறு போடறவங்க. "ப்ரெட்டை நான் எங்க கண்டேன்? களிதான்"னு அம்மா வெக்கப்பட்டாங்க. காஸ்ட் ஆஃப் லிவிங் சரசக்காவுக்கு. சந்தைக்குப் போயிட்டு வந்த அடுத்த நாள் "என்ற காஸ்ட் ஆஃப் லிவிங்கு தக்காளியில நொம்ப ஏறிப்போச்சுடி"ம்பாங்க.

ஹேண்ட் டு மவுத்துக்கு அர்த்தம் சொன்னேன். அன்னன்னைக்குக் கிடைக்கறது அன்னன்னைக்கு வயித்துக்கே சரியாப் போற பொழப்பு.

"அட, இது என்ற கதையல்லோ! எனக்கே குடு"ன்னு மரியாக்கா வாங்கிக்கிட்டாங்க. சொல்றப்பல்லாம் அஞ்சு விரலையும் குவிச்சு வாய்கிட்ட கொண்டு போவாங்க. ஷெட்டே சிரிக்கும்.

"என்ன அங்க சத்தம்?"னு ரைட்டர் வாசல்ல வந்து நிப்பார்.

"ஒண்ணுமில்லீங்க... எங்க பொழப்பை இங்கிலீஷ்ல சொல்லிப் பாக்கறோமுங்க"ம்பாங்க மரியாக்கா.

அந்தச் சிரிப்புலதான் என் வாய் திறந்துச்சு.

இன்டர்வியூ ரூம்ல மூணு பேர். பேர், படிப்பு, குடும்பம்... நல்லாத்தான் போச்சு. "மை மதர் இஸ் த ப்ரெட்வின்னர்"னு சொன்னப்ப என் குரல் எனக்கே புதுசா கேட்டுச்சு.

நடுவுல இருந்தவர் என் ஊரைப் பார்த்தார். எஸ்டேட் ஜனங்க பொழப்பு எப்படின்னு இங்கிலீஷ்ல கேட்டார். நானும் "தே லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத், சார்"னு சொல்லிட்டேன்.

அவர் பக்கத்துல இருந்தவரைப் பார்த்துச் சிரிச்சுட்டு, தமிழ்ல சொன்னார்: "சாயங்காலமானா குடிச்சே தீத்துட்டா வேற எப்படி இருப்பாங்க? சேத்து வைக்கத் தெரியாத ஜனங்க. என்னம்மா, கரெக்டா? டெல் அஸ்."

என் கண்ணு முன்னாடி மரியாக்கா விரலைக் குவிச்சுக்கிட்டு நின்னாங்க.

இருக்கற சோத்தைப் பொண்ணுங்களுக்குப் போட்டுட்டு, வரக்காப்பியைக் குடிச்சுட்டுப் படுக்கறவங்க. அதைச் சொல்லணும். தமிழ்ல தொண்டை வரைக்கும் வந்துச்சு. இங்கிலீஷ்ல எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. அந்தப் புத்தகத்துல மரியாக்கா பொழப்புக்குப் பேர் வச்ச வரி இருந்துச்சு... அவங்களுக்காகப் பேச ஒரு வரிகூட இல்லை.

"நோ சார்"கூட வரலை. கண்ணீர்தான் வந்துச்சு.

"ஓகே. யூ மே கோ."

அடுத்த நாள் காலையில ஷெட்டுக்குப் போனேன். வேற எங்க போறது?

"ஏங்கண்ணு, என்ற வார்த்தையைக் கேட்டாங்களா?"

"நானே சொன்னேங்க்கா."

"அப்பறம்?"

நான் குனிஞ்சு கொட்டை பொறுக்க ஆரம்பிச்சேன். மரியாக்கா ஒரு பிடி கொட்டையை என் பக்கம் தள்ளினாங்க.

"உடு சாமி. பொறுக்கு."

அதுக்கப்புறம் ஷெட்டுல யாரும் வார்த்தை கேக்கலை.

எஸ்டேட்டை வித்தாங்க. லைன் காலியாச்சு. ஒண்டிக்கடை ரூம் கிடைக்கலை. சொந்தக்காரங்க வீட்டு மாட்டுக்கொட்டாய் ஓரத்துல அப்பாவைப் படுக்க வச்சோம். அங்கேயே போயிட்டார். மரியாக்கா பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனாங்க. எந்தக் கம்பெனின்னு கேட்டு வச்சுக்கணும்னுகூட அன்னைக்கு எனக்குத் தோணலை. அம்மாவும் போய் ரொம்ப நாளாச்சு... தூசி இருமல் கடைசி வரைக்கும் விடலை.

இப்ப ஈரோட்டுல ஒரு ஆபீஸ்ல இருக்கேன். இங்கிலீஷ்ல லெட்டர் எழுதறேன், போன்ல பேசறேன். அன்னைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னைக்கு நிறுத்தாம சொல்லுவேன். கேக்கத்தான் அந்த மூணு பேரும் இல்லை. சொல்லிட்டேன்னு போய்ச் சொல்ல மரியாக்காவும் இல்லை.

போன வருஷம் ஏற்காடு போனப்ப பார்த்தேன். ஷெட் இருந்த இடத்துல காட்டேஜ் கட்டியிருக்காங்க. வாசல்ல காப்பி வாசம்... மெஷின்ல போடற காப்பி.

டிவியில யாராவது கோட்டு போட்டுக்கிட்டு "ஹேண்ட் டு மவுத்"னு சொன்னா, என் கை விரல் தன்னால குவிஞ்சு வாய்கிட்ட போயிடுது.

பக்கத்துல சிரிக்க யாரும் இல்லை.