அண்ணாந்து பார்க்கும் அமிர்தம்

மசாலா தடவிய ஜிலேபிக் கெண்டையை எண்ணெயில் இறக்கிவிட்டு அமிர்தம் அண்ணாந்து பார்க்கிறாள். கை தன்பாட்டுக்கு மீனைத் திருப்புகிறது. கண் மட்டும் கரையோரத்து நாவல்மரத்தின் உச்சியில் நிற்கிறது. அப்படிப் பார்த்துக்கொண்டே பல மீன்களைக் கருக்கியிருக்கிறாள். சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்தால் கூச்சமே படமாட்டாள். "மொறுமொறுன்னு இருக்கும், துன்னு பாருங்க" என்று அதையே தட்டில் வைத்துக் கொடுப்பாள்.

கோமுகி அணைக்கு விடுமுறை நாளில் கள்ளக்குறிச்சியிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் பைக்கில் வருகிறவர்கள் அவள் கடையை 'மேல பாக்குற அக்கா கடை' என்பார்கள். தகரக் கூரை, ஒரு அடுப்பு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிகள் எல்லாம் அணையைப் பார்த்துப் போட்டிருக்க, அவள் உட்காரும் முக்காலி மட்டும் மரத்தைப் பார்த்துக் கிடக்கும்.

அந்த மரத்தில்தான் செம்பருந்து ஜோடி ஒன்று குடித்தனம் செய்கிறது. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களை அமிர்தம் சும்மா விடமாட்டாள். "கும்புட்டுட்டு பூடாதீங்க. அதுவும் சம்சாரிதான். விடிஞ்சதுலேர்ந்து மீனுக்கு அலைஞ்சிக்கினு இருக்குது" என்பாள். ஆணுக்குப் 'பெரியவரு', பெண்ணுக்கு 'வூட்டுக்காரம்மா' என்று பெயர். இந்த வருஷம் பொரித்த ஒரே குஞ்சுக்குப் 'பாப்பா'.

பனிக்காலத்தில் எங்கிருந்தோ ஒரு விராலடிப்பான் பருந்து வரும். அது தண்ணீரில் விழுந்து மீனைத் தூக்கும் அழகைப் படம் பிடிக்கப் பெரிய கேமராக்களோடு ஆட்கள் வருவார்கள். அமிர்தத்துக்கு அதன்மேல் அவ்வளவு மதிப்பில்லை. "அது லாட்ஜுல தங்குற ஆளு மாதிரி. வரும், துன்னும், பூடும். குடும்பம் இங்க இல்லியே."

யாரோடும் பேச்சுக்கு அஞ்சாத அவள் பேசாமல் விட்ட ஒரே ஆள் அவளுடைய கொழுந்தன் ராஜாங்கம். புருஷன் இறந்த கொஞ்ச நாளில் அவள் இந்தக் கடையைப் போட்டபோது, தாலியறுத்தவள் ரோட்டோரத்தில் அடுப்பு வைத்தால் குடும்ப மானம் என்னாகும் என்று பரிசல்காரர்கள் நடுவே நின்று கேட்டவன் அவன். அன்றோடு பேச்சு நின்றது. கடையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவன் பரிசலைக் கவிழ்த்து வைத்து வலை காயப்போடுவான். ஆனாலும் அவள் மீன் வாங்குவது வேறு பரிசலில்தான். இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் தண்ணீரைப் பார்ப்பார், மற்றவர் மலையைப் பார்ப்பார்.

போன பங்குனியில் ஒருநாள் காலையில் அமிர்தம் வழக்கம்போல அண்ணாந்தாள். பாப்பா கூட்டில் இல்லை. கூட்டுக்குக் கீழே, ஒற்றைக்காலில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டுக்கு மெத்தை போடத் தாய் எடுத்து வந்த கந்தலோடு அறுந்த வலைத்துண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. அந்த நைலான் நூல் காலைச் சுற்றிக்கொண்டது. குஞ்சு இறக்கையை அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. தாய் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

அமிர்தம் வனக்காவலருக்கு ஃபோன் போட்டாள். அவர் வெள்ளிமலையில் ஒரு வேலையாக இருந்தார். எப்படி இறங்கி வந்தாலும் சாயங்காலம் ஆகிவிடும் என்று வருத்தத்தோடு சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கியபடி நின்றாள். பிறகு கரையில் இறங்கி நேராக ராஜாங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, புள்ள தொங்குது."

யார் வீட்டுப் பிள்ளையோ என்று பதறி எழுந்து ஓடிவந்தான் ராஜாங்கம். மரத்தடிக்கு வந்து மேலே பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. அவன் சிரிக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டினான்.

நாவல் கிளையை நம்ப முடியாது, சொல்லாமல் முறியும். அவனுக்கோ வயது ஐம்பது தாண்டிவிட்டது. பாதி ஏறுவதற்குள் தாய்ப்பருந்து தலையைக் குறிவைத்துப் பாய்ந்தது. அவன் கையால் மறைத்துக்கொண்டே இறங்கி வந்தான். அமிர்தம் கடைக்கு ஓடி, மீன் அலசும் அலுமினியக் குண்டானைக் கொண்டுவந்து அவன் தலையில் கவிழ்த்தாள். துணியால் தாடையோடு சேர்த்துக் கட்டினாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகம். இத்தனை கிட்டத்தில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. மீசை நரைத்துவிட்டிருந்தது.

"கிள முறிஞ்சா வுட்டுட்டு எறங்கிடு. நீ வுழுந்துடாத" என்றாள்.

"செரி, அண்ணி."

மேலே பருந்தின் நகம் குண்டானில் மோதி டங்கென்று ஒலிப்பது கீழே கேட்டது. ஒரு கிளை படாரென முறிந்தது. அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் வேறொரு கிளையைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பிறகு வயிற்றால் நகர்ந்து, குஞ்சை அள்ளி, இடுப்பில் செருகியிருந்த கத்தியால் நூலை அறுத்தான். அது அவன் முன்கையைக் கொத்திக் கிழித்தது. கூட்டில் வைத்துவிட்டு, நூலை ஒரு இழை விடாமல் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு இறங்கினான். கீழே வந்ததும் அதைப் பிரித்துக் காட்டினான். பச்சை நூல்.

"என் வலதான், அண்ணி. அறுந்தத கரையிலயே போட்டுட்டேன்."

அவள் கவலை வேறாக இருந்தது. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். அது பொய் என்று சொல்கிறவர்களும் உண்டு. மரத்தடியில் யாரும் நிற்கக்கூடாது என்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். இருவரும் கடைக்குள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அவன் கைக்காயத்தில் அவள் மஞ்சளை அப்பினாள். கூட்டின் விளிம்பில் குஞ்சு இறக்கை தொங்கக் கிடந்தது. அசையவில்லை. தாய் கூட்டுக்கு வராமல் தண்ணீருக்கு மேலேயே வட்டமடித்தது.

உச்சிவெயில் சாய்ந்த பிறகு பெரியவர் ஒரு கெண்டையைக் கவ்விக்கொண்டு வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கூட்டைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா வந்தாள். மீனை வாங்கினாள். கூட்டில் இறங்கினாள். குஞ்சு தலையைத் தூக்கியது. தள்ளாடி எழுந்து நின்றது. வாயைத் திறந்தது.

"துன்னுதா?" என்று ராஜாங்கம் மெல்லக் கேட்டான்.

"துன்னுது" என்றாள் அமிர்தம். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. காலை நீட்டி உட்கார்ந்தாள். பசி தெரிந்தது. தூக்குச்சட்டியைத் திறந்து, கேழ்வரகுக் களியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை மூடியில் வைத்து, மரத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவன் பக்கம் தள்ளினாள்.