யுஸ்தினா துடைத்த சுவர்

யுஸ்தினா வடக்கே ஒராவா மலையிலிருந்து மாலா டிர்னா என்ற ஒயின் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ஊரில் விறகுக் கொட்டகையைக்கூடத் தேய்த்துக் கழுவுவார்கள். இங்கேயோ அழுகலும் பூஞ்சையும்தான் செல்வம். அதை அவளிடம் சொல்லிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவம்.

முதல் அறுவடையன்று போட்ரோக் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து கொடிகளுக்குள் படுத்துக்கொண்டது. ஆட்கள் தெரியவில்லை, பேச்சு மட்டும் மிதந்தது. சாம்பல் பூத்துச் சுருங்கிய திராட்சைகளை அவள் பொறுப்பாகப் பொறுக்கிக் கீழே எறிந்துகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! தேனைத் தூக்கி மண்ணுல கொட்டுறியே!" பக்கத்துத் தோட்டத்து ஹெர்மினா தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம தோக்காய் ஒயினோட உசிரே அந்த அழுகல்லதான்டி இருக்கு!"

யுஸ்தினா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். தேன், காய்ந்த ஆப்ரிகாட், கொஞ்சம் மழை வாசனை. கண்ணை மூடியபடி வெகுநேரம் நின்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்தக் குளிர்காலத்தில் கணவன் வெண்டலின் பீப்பாய் வாங்க வெளியூர் போனபோது, அவனை அசத்த நினைத்து, பாறையில் குடைந்த ஒயின் நிலவறைக்குள் இறங்கினாள். சுவரெல்லாம் கம்பளிபோலக் கறுப்புப் பூஞ்சை. தேய்த்தாள், கழுவினாள், சுண்ணாம்பும் அடித்துவிட்டாள்.

திரும்பி வந்தவன் திட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒயின் மூச்சு விடும், யுஸ்தினா. அந்த மூச்சைக் குடிச்சு வளர்ந்த கறுப்பு அது. அது இல்லாத அறையில ஒயின் தங்காதுன்னு சொல்லுவாங்க."

ஊர் அவளுக்குச் 'சுண்ணாம்பு' என்று பெயர் வைத்தது. தயிருக்கு உறை கேட்பதுபோல ஹெர்மினாவிடம் போய் நின்றாள்.

"ஒரு பிடி குடுங்கக்கா. ஒட்ட வச்சுப் பாக்குறேன்."

"சுவத்துக் கறுப்பைக் குடுத்தா வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போயிடும். ஆளைப் பாரு!"

கறுப்பு திரும்பாவிட்டால் தானும் இந்த ஊரில் ஒட்டப்போவதில்லை என்று யுஸ்தினாவுக்குப் பட்டுவிட்டது. சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தாள். மாலைதோறும் மெழுகுவர்த்தியோடு கீழே போய் வெறுங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீப்பாய்களுக்குள் ஒயின் முணுமுணுக்கும். கேட்டபடியே கண் சொக்கும்.

அப்படி ஒரு மாலை மெழுகுவர்த்தி உருண்டு, அணையாமலே பெரிய பீப்பாய்க்குப் பின்னால் போனது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். சுவரைத் தேய்த்த அன்று கை எட்டாமல், சோம்பலில் விட்டுவிட்ட மூலையில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு! அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். அந்தச் சோம்பலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கறுப்பு அவசரப்படவில்லை. பனி வந்து பனி போன வருடங்களில், பூனை நடப்பதுபோலச் சத்தமில்லாமல் சுவரேறி, கூரையையும் மூடியது. ஒயினும் தங்கியது.

பிறகு ஒரு வசந்தத்தில் ஹெர்மினாவின் நிலவறைக் கூரை இடிந்தது. பாறையில் இன்னும் உள்ளே தள்ளிப் புதிதாகக் குடைய வேண்டியதாயிற்று. எங்கும் வெறுங்கல். வெறும் தட்டோடு அவள் யுஸ்தினாவின் படியில் வந்து நின்றாள்.

"சுண்ணாம்பு வேணுமாக்கா? நெறைய மிச்சமிருக்கு."

ஹெர்மினாவின் முகம் சிவந்தது. யுஸ்தினா சிரித்துக்கொண்டே மரக்கரண்டியோடு பெரிய பீப்பாய்க்குப் பின்னால் நுழைந்து, அந்த மூலையிலிருந்தே வழித்து, தட்டு நிறைய வைத்தாள்.

"அதிர்ஷ்டம் போயிடும்னு பயமில்லையாடி உனக்கு?"

"நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவியே போகலையேக்கா. நீங்க கேட்டா போயிடப்போகுது?"