முனிரத்தினத்தின் சாப்பாட்டு ஜெபம்

முனிரத்தினம் காலமானது 1983ஆம் வருடம் ஆவணி மாதம். எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கமிட்டியில் முடிவானதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதியே தலை நரைத்தவன் நான். சபைக்கும் நானே செயலாளர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், எந்த ஞாயிறு யார் பிரசங்கம், அன்று மழை உண்டா இல்லையா, எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. வீட்டில் கோழி முட்டையிட்டால் அதற்கும் தேதி போடுவேன். "முட்டைக்குப் பொறந்த நாள் கொண்டாடப் போறீங்களா?" என்று என் மனைவி எப்சிபா ஒருமுறை கேட்டாள். அவள் கேட்டது எந்தத் தேதியில் என்று மட்டும் நான் குறித்துவைக்கவில்லை.

இப்படிப்பட்டவனிடம் முனிரத்தினத்தின் பிறந்த தேதி இல்லை. ஞானஸ்நானப் பதிவில், எனக்கு முன் செயலாளராக இருந்தவர் வயது என்ற இடத்தில் 'சுமார்' என்று எழுதியிருக்கிறார். சுமார் எத்தனை என்று எழுதவில்லை. போகட்டும்.

முனிரத்தினத்துக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். இரட்டை மாட்டு வண்டி ஓட்டினார். செங்கல், வைக்கோல், வாலாஜாபாத் அரிசி ஆலைக்கு நெல் மூட்டை, யார் வீடு மாறினாலும் அவர்களுடைய சாமான், எல்லாவற்றையும் அவர் வண்டி சுமந்தது. மனைவி செங்கமலம் சீக்கிரமே போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. குடிசைக்குப் பின்னால் கொஞ்சம் கத்தரிச் செடி வைத்திருந்தார். இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. இதை வைத்துக்கொண்டு மனிதர் எதற்கு இத்தனை நன்றி சொல்கிறார் என்பது சபையில் பலருக்கும் புரியாத விஷயம்.

எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள் என்று போதகர் வருடத்துக்கு நான்கு முறையாவது பிரசங்கம் செய்வார். நாங்கள் அனைவரும் தலையை ஆட்டுவோம். அதை அப்படியே நம்பியவர் முனிரத்தினம் ஒருவர்தான்.

அறுப்புப் பண்டிகை ஆராதனையில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். மகன் பாஸானான், மகளுக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொல்வார்கள். நான், "இந்நாள் மட்டும் காத்தார்" என்று மூன்று வார்த்தை சொல்லி உட்காருவேன். ஒரு வருடம் முனிரத்தினம் எழுந்தார். "நேத்து முதுவு நடுவுல அரிச்சிது. கை எட்டிச்சி. ஸ்தோத்திரம்" என்றார். பெண்கள் பக்கம் முழுவதும் சிரிப்பு. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் இதை எப்படி எழுதுவது என்று நான் திண்டாடி, கடைசியில் 'உடல்நல மீட்புக்காக' என்று எழுதினேன்.

சாட்சியாவது வருடத்துக்கு ஒரு முறை. சாப்பாட்டு ஜெபம்தான் ஊரையே நடுங்க வைத்தது. விருந்தில் வயதானவரை ஜெபிக்கச் சொல்வது எங்களிடையே மரியாதை. முனிரத்தினத்திடம் அந்த மரியாதையைக் காட்டினால் சோறு ஆறிவிடும். சோறு, குழம்பு, உப்பு, விறகு, விறகை வெட்டினவன், வெட்டினவனுடைய கோடாலி என்று ஒவ்வொன்றாகப் போவார். நான் கைக்கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். எத்தனை நிமிடம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு காஞ்சிபுரம் பஸ் போய் அடுத்தது வந்துவிடும். விருந்துகளில் அவர் வருவதைக் கண்டதும் அவசரமாக யாராவது ஒரு சிறுசைப் பிடித்து ஜெபிக்க வைத்துவிடுவார்கள்.

என் ஜெபம் அதற்கு நேர்மாறு. "தந்தி அடிச்சாச்சா? பரிமாறட்டுமா?" என்பாள் எப்சிபா.

1969 தை மாதம், என் மகள் சுகிர்தத்தைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வருவதாக இருந்தது. பையன் சற்குணம், ஆவடியில் வேலை. தகப்பனார் மாசிலாமணி, ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சுகிர்தத்துக்கு இது நான்காவது இடம். முதல் மூன்று பேரும் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், 'போய் லெட்டர் போடுகிறோம்' என்றார்கள். லெட்டர் வரவில்லை. வீட்டைப் பார்த்துத்தான் போய்விட்டார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இந்த முறை வீடு வசதியாகத் தெரிய வேண்டும். இதுவும் தவறினால் அவள் மனசு விட்டுவிடுவாள் என்று எப்சிபா அழுதாள்.

எனவே திட்டம் போட்டேன். மேசைக்கு விரிக்க சபையில் இருந்த வெள்ளைத் துணியை, செயலாளர் என்ற முறையில் எனக்கு நானே அனுமதி கொடுத்து, எடுத்துக்கொண்டேன். பக்கத்துத் தெரு பாஷ்யம் சார் மேசை மின்விசிறி தந்தார். நாற்காலிகள் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலிருந்து வந்தன. தண்டலத்தில் இருந்த என் தங்கையிடமிருந்து ஒரு சின்ன மூட்டை. அதற்கும் மேலே போய், சொந்தமாகப் பால் மாடு இருப்பதாகத் தெரியட்டும் என்று பிள்ளைப்பாக்கம் அம்சவல்லியின் பசுவை ஒரு நாளைக்கு வாங்கிவந்து கொல்லையில் கட்டினேன். இவ்வளவையும் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தவர் முனிரத்தினம்.

ஜெபத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். வாலாஜாபாத் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியார் வருவார், சுருக்கமாக முடிப்பார். பதினொன்றரை மணி பஸ், நேரம் தவறவே தவறாது என்று நானே அவருக்குச் சொல்லியனுப்பினேன். அன்று அந்த வண்டி பாதி வழியில் படுத்துக்கொண்டது.

அரக்கோணத்தார் வந்துவிட்டார்கள். மாசிலாமணி மேசைத் துணியைத் தடவிப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்து, "மாடு சொந்தமா?" என்றார். நான் தெருவில் போன பஸ்ஸின் சத்தத்தில் கேட்காதவன் மாதிரி, "ஆமாம், இங்கே வெயில் அதிகம்" என்றேன். இலை போட்டாயிற்று, பரிமாறியாயிற்று, உபதேசியாரைக் காணோம். அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வண்டிக்காரர் மாதிரித் தெரிய வேண்டாம் என்று என் வெள்ளைச் சட்டை ஒன்றை நான்தான் காலையில் அவருக்குக் கொடுத்திருந்தேன். வெண்தாடியும் அதுவுமாக ஏதோ பெரிய சபை மூப்பர் மாதிரி நின்றார்.

"பெரியவரே ஜெபிக்கட்டுமே" என்றார் மாசிலாமணி.

"இல்லை, நானே..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள்.

"ஆண்டவரே, இந்தச் சோத்துக்காக ஸ்தோத்திரம்" என்றார் முனிரத்தினம். கொஞ்சம் மூச்சு விட்டேன். "சோத்த வச்சிருக்கிற மேசைக்காக ஸ்தோத்திரம். மேச மேல விரிச்ச துணிக்காக ஸ்தோத்திரம். உம்முடைய ஆலயத்துத் துணிய இந்த வூட்டுக்கு ஒரு நாளைக்குக் குடுத்தனுப்புனீரே, உமக்கு எவ்ளோ பெரிய மனசு!"

எனக்கு வியர்த்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அடுத்து அதற்குத்தான் வந்தார்.

"பாஷ்யம் சாரு வூட்டு ஃபேனுக்காக ஸ்தோத்திரம். வண்டி குலுங்குனதுல ஒரு எறக்க கொஞ்சம் நெளிஞ்சிடிச்சி. அது அவுரு கண்ணுல படாம காத்தருளும். வாத்தியார் வூட்டு நாற்காலிங்களுக்காக ஸ்தோத்திரம். கொல்லையில நிக்கிற பசுவுக்காக ஸ்தோத்திரம். கன்னுக்குட்டிய அம்சவல்லி வூட்ல வுட்டுட்டு, டைம்கீப்பர் சாரு மானத்துக்காக இங்க வந்து நிக்கிது. அந்தக் கன்னு காலையிலேருந்து கத்திகினு கீது, அதுக்கு ஆறுதல் குடும்."

பசு கொல்லையிலிருந்து நீளமாக ஆமென் சொன்னது.

"இந்தக் கோழிக்காக ஸ்தோத்திரம். இது மட்டும் சொந்தக் கோழி. முட்ட வுடறத எப்பவோ நிறுத்திடிச்சி. ஆனாலும் இந்த வயசுல இத்தினி பேருக்கு ஒதவுதே."

இருமினேன். இன்னொரு முறை பலமாக இருமினேன்.

"டைம்கீப்பர் சாருக்கு இருமல நீக்கும். அப்புறம் ஆண்டவரே, தண்டலத்துலேருந்து ஒரு சின்ன மூட்டை. அதுக்காகவும் ஸ்தோத்திரம். உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்."

எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வழக்கம்போல் கண்ணைத் திறந்தேன். சபைச் செயலாளர் ஜெபத்தில் கண் திறப்பது முறையல்ல. ஆனால் திறந்திருந்தது நான் மட்டுமல்ல. சமையற்கட்டு வாசலில் சுகிர்தம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றிருந்தாள். இந்தப் பக்கம் சற்குணம், முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்தவர்கள் அதுவரை காப்பித் தட்டு கைமாறும் நேரம்தான் அவளைப் பார்த்திருக்கிறார்கள். இவனுக்கு ஒரு காஞ்சிபுரம் பஸ் அளவுக்கு நேரம் கிடைத்தது. என்னைக் கண்டதும் இருவரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

"ஆமென்" வந்தபோது சோறு ஆறியிருந்தது. மாசிலாமணி இலையைத் தொடவில்லை.

"அந்த மூட்டையில என்ன சார் இருந்தது?" என்றார் என்னிடம்.

எப்சிபா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் நெளிந்த இறக்கை எது என்று தேடினேன்.

"சங்கிலி" என்றாள் சுகிர்தம், வாசலிலிருந்தே. கழுத்திலிருந்ததைத் தொட்டுக் காட்டினாள். "தண்டலத்து அத்தையோடது. சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்."

சற்குணம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

"சிரிக்க என்னடா இருக்கு இதுல?" என்றார் தகப்பனார்.

"கோழியாவது சொந்தம்பா" என்றான் அவன். அவனுடைய அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கத்திரிக்கா யார் தோட்டம்னு சொல்லாம விட்டுட்டீங்களே, பெரியவரே" என்றாள்.

"நம்மள்துதாம்மா" என்று முனிரத்தினம் வெட்கப்பட்டார். "தன்னுதச் சொல்லிக்கினா நல்லாவா இருக்கும்?"

மாசிலாமணி இலையில் கை வைத்தார். கத்தரிக்காய் மட்டும் இன்னொரு முறை வாங்கினார். கை கழுவியதும் துண்டால் துடைத்துக்கொண்டே, "சரி, போய் லெட்டர் போடறோம்" என்றார்.

எப்சிபாவின் முகம் விழுந்தது. நான் தலையாட்டினேன். நான்காவது முறையாகத் தலையாட்டுவதால் அதில் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

"லெட்டர் எதுக்குப்பா?" என்றான் சற்குணம். "எனக்குச் சம்மதம். அவங்களைக் கேளுங்க."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சுகிர்தத்தைக் கேட்டதில்லை. எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. இத்தனை குறித்து வைக்கிறவன், கேட்க வேண்டியவளைக் கேட்கவில்லை. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம்.

"அந்த ஜெபம் முழுக்க எழுந்து ஓடாம உட்கார்ந்திருந்தாரேப்பா" என்றாள். "போதும்."

மாசிலாமணி மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தோற்றுவிட்ட மனிதராக நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு காப்பி குடுங்க" என்றார். "பால் அந்த மாட்டுதுதானே? கன்னுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க."

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு, வெயில் தாழ்ந்ததும், பசுவை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முனிரத்தினத்தோடு பிள்ளைப்பாக்கத்துக்குக் கிளம்பினேன். காரியம் கைகூடியிருந்தாலும் அவரைத் திட்டாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

"ஏன்யா, அந்த மூட்டையை மட்டுமாவது சொல்லாம விட்டிருக்கக் கூடாதா?"

"இன்னா சார் இப்டி சொல்லிட்ட? உள்ள இன்னா கீதுன்னு நான் சொல்லவே இல்லியே. உன் ரகசியத்தக் காப்பாத்துனேன்ல?"

"சுருக்கமா முடிக்கவே தெரியாதா உனக்கு?"

"எங்க சார் முடியுது? ஒண்ணச் சொன்னா அது பின்னாலயே இன்னொண்ணு வந்து, 'நான்?' னு நிக்கிது. அதப் போய் எப்டி வெரட்டறது?"

அம்சவல்லி வீட்டு வாசலில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தது. அது மடியில் முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்தபோதுதான், காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. பயத்தில் பசி தெரியவில்லை. விருந்து முடிந்து நான் உட்காரும்போது சட்டியும் காலி.

"இன்னா டைம்கீப்பரே, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டு நீ பட்டினியா?" என்று அம்சவல்லி சிரித்தாள். இரண்டு சட்டியில் கேழ்வரகுக் கூழ் ஊற்றி, மோர் விட்டு, சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் வைத்தாள். முனிரத்தினம் சட்டியைக் கீழே வைத்து, தலைத்துண்டை அவிழ்த்து, கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்தக் கூழுக்காக ஸ்தோத்திரம். இதக் கிண்டுன கைக்காக ஸ்தோத்திரம்..."

நானும் கண்ணை மூடத்தான் நினைத்தேன். ஆனால் கூழ் குளிர்ச்சியாக இருந்தது, வெங்காயம் கறுக் கறுக்கென்று இருந்தது. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு ருசித்துக் குடித்ததில்லை. அவர் மோருக்கு வந்து, மோர் வழியாகப் பசுவுக்கு வந்து, பசு வழியாக அது மேய்ந்த ஏரிக்கரைப் புல்லுக்கு வந்தபோது, நான் சத்தமில்லாமல் சட்டியை அம்சவல்லியிடம் நீட்டி இரண்டாவது முறை வாங்கிக்கொண்டிருந்தேன்.

"எம் பக்கத்துல குந்திகினு கூழு குடிக்கிற டைம்கீப்பர் சாருக்காகவும் ஸ்தோத்திரம்" என்று முடித்தார், கண்ணைத் திறக்காமலே.

வாய் நிறையக் கூழ் இருந்ததால் ஆமென் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.