வெறும் வயிற்றில் கிரீன் டீ

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளுக்கு மருந்து தெரிந்தால் மட்டும் போதாது, ஊரே எந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். புத்தளத்தில் சின்னதாக ஒரு பார்மசி வைத்திருக்கிறேன். என்னைப் போலவே நின்று நின்று கால் கடுத்து, சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றும் சகோதர சகோதரிகளே, இந்த வருடம் என் உயிரை வாங்கியது கிரீன் டீ.

பாலும் சீனியும்

உடப்பிலிருந்து வந்த, மீன்பிடிப் படகு வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர், முதல்நாள் வாங்கிப்போன கிரீன் டீ பெட்டியைக் கண்ணாடி மேசையில் ஓங்கி வைத்தார். பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டேனாம், ஒரே கசப்பாம். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். இலையைத் தண்ணீரோடு தளதளவென்று கொதிக்கவிட்டு, பால்மாவும் சீனியும் அள்ளிப் போட்டாராம்.

நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் தேயிலையும் இதுவும் ஒரே செடிதான் ஐயா என்று தொடங்கினேன். கொழுந்தைக் கசக்கிக் காற்றுப்பட விட்டால் அதிலுள்ள கேட்டச்சின் என்ற சத்து மாறிப்போய்க் கறுப்புத் தேயிலை ஆகிறது. உடனே சூட்டில் வாட்டினால் கேட்டச்சின் அப்படியே நிற்கிறது, அதுதான் கிரீன் டீ. நல்லது செய்யும் என்று சொல்வதும் அதைத்தான், கசப்பதும் அதுதான். கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும், பால் விட்டால் பாலின் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்ளும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“கசக்கிறதுதான் மருந்தெண்டா, எங்கட வளவுல வேப்பமரம் நிக்குது பிள்ளை. இத நீங்களே வச்சுக்குங்க.”

இரும்புக் குளிசை

பிள்ளை வயிற்றிலிருக்கும் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மாமி வந்தார். கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையை ஒழுங்காகக் குடித்தும் இரத்தம் ஏறவில்லையாம். பெண் வெளிறிப்போய்க் கதிரையில் சாய்ந்துவிட்டாள். குளிசையை எதோடு குடிக்கிறீர்கள் என்று கேட்டால், கிரீன் டீயோடு! அதுதான் உடம்புக்கு நல்லது என்று மாமியே ஊற்றிக் கொடுக்கிறார்.

கேட்டச்சின் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் சேர விடாது, குளிசையைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு கொடுங்கள், இப்போதைக்குக் கிரீன் டீயை மறந்துவிடுங்கள் என்று விளக்கினேன். மாமி யோசித்தார். முகம் தெளிந்தது. புரிந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

“அப்ப குளிசைய நிப்பாட்டிட்டா சரிதானே, மிஸ்?”

இரண்டு பேரீச்சம்பழம்

நஸீர் நானா கற்பிட்டியிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறவர். நோன்புப் பெருநாள் கழிந்ததும் கட்டார் நாட்டுச் சாரதி வேலைக்கு மெடிக்கல் பரிசோதனை இருந்தது. அதற்குள் வயிறு குறைய வேண்டும் என்று யாரிடமோ சொல்லி கிரீன் டீ கெப்சியூல் எடுப்பித்திருந்தார். என்னிடம் போத்தலைக் காட்டினார், பெருமையாக. நோன்பு திறந்த கையோடு அதைத்தான் விழுங்குகிறாராம்.

போத்தலை வாங்கி லேபிளைப் படித்தேன். கோப்பையில் குடிக்கும் தேநீர் வேறு, பல கோப்பைச் சாற்றை ஒரு கெப்சியூலுக்குள் திணித்திருப்பது வேறு. பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றில் போட்டால் அது சாப்பாட்டோடு போடுவதைவிட அதிகமாக இரத்தத்தில் ஏறும், சிலருக்கு ஈரலையே அடித்துவிடும் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். வெறும் வயிற்றில் போடுகிறீர்களே நானா என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“வெறும் வயித்திலயா? எனக்கென்ன விசரா? ரெண்டு பேரீச்சம்பழம் திண்டுட்டுத்தானே தங்கச்சி போடுறேன்!”

நோன்புச் சூடு

பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மறுபடி வந்தார். சாப்பாடு பிடிக்கவில்லையாம், சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போகிறதாம், சூடு தணிய ஏதாவது வேண்டுமாம். வெளிச்சத்தில் வந்து நில்லுங்கள் என்றேன். இரண்டு கண்ணும் மஞ்சள். சொல்லியும் கேட்கவில்லையே என்ற கோபம் ஒரு பக்கம், இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அவர் பெண்சாதிக்குப் போன் போட்டு வரவழைத்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று விரட்டினேன். முச்சக்கர வண்டியில் ஏறும்போதும் நானா என்னைச் சமாதானப்படுத்தினார்.

“இது நோம்புச் சூடுதான் தங்கச்சி, பெருநாளோட சரியாப் போகும்.”

மிச்சம்

பெருநாள் போய்ப் பல நாள் கழித்து, இனிப்பு வட்டிலப்பத் தட்டோடு கடைக்குள் நுழைந்தார். ஆள் மெலிந்திருந்தார், கண் வெள்ளையாக இருந்தது. ஈரலைத் தாக்கியது அந்தக் கெப்சியூல்தானாம். நேரத்தோடு நிறுத்தியதால் தப்பினீர்கள் என்று டொக்டர் சொன்னாராம். மெடிக்கல் தள்ளிப்போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் போத்தலைக் கொண்டு வாருங்கள், என் கையாலேயே ஒழித்துவிடுகிறேன் என்றேன். நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“வீண்விரயம் கூடாதே தங்கச்சி. மச்சானும் கட்டாருக்குப் போகப் போறான், அவனுக்கும் வயிறு. மிச்சத்த அவனுக்குக் குடுத்துட்டன்.”

மருந்துக்கடைக்காரியின் வேலை விற்பது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், பாதி நாள் போவது நாம் விற்காததை ஊரெல்லாம் தேடிப் பிடுங்குவதில்தான்.