என் காருக்குப் போட்ட கிராங்க்

டீசல் வாடை அடிக்கும் சாம்பாரை நான் மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கும் பெட்ரோல் பங்க் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

எல்லாம் நானே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். என் சம்பளத்தில் வாங்கிய பழைய சின்னக் கார். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ராஜபாளையத்தில். போகும்போது அரை மணி நேரம், வரும்போது அரை மணி நேரம். அந்த நேரத்தில் மட்டும் யாரும் என்னிடம் சட்டை எங்கே, துண்டு எங்கே என்று கேட்க முடியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாய்விட்டுப் பாடுவேன். கர்ண கடூரமாக இருக்கும், ஆனால் பாடுவேன்.

ஒருநாள் சாப்பிடும்போது, பேச ஏதாவது வேண்டுமே என்று, "ரயில்வே கேட் மேட்டுல வண்டி செத்த திணறுது" என்று சொல்லித் தொலைத்தேன்.

என் கணவர் ராணுவத்தில் வண்டிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வன்னியம்பட்டிக்காரர், தினமும் வீட்டுக்கு வருவார். இருவருக்கும் பொழுது போகாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. மறுநாளே என் காரின் பானெட் திறந்து கிடந்தது.

"கிராங்க மாத்திருவோம் மதினி" என்றார் நண்பர். "இதே எஞ்சின்ல வேன் ஒண்ணு வருது. அதோட கிராங்குக்கு ஸ்ட்ரோக் கூட. போட்டம்னா எம்புட்டு மேடா இருந்தாலும் புடிச்சு ஏறிரும்."

கிராங்க் என்பது எஞ்சினின் அடியில் சுற்றும் கோணல்மாணலான இரும்புத் தண்டு. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது; அந்தத் தூரம்தான் ஸ்ட்ரோக். இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. ஆனால் எஞ்சின் என் சாப்பாட்டு மேசையில் இருந்ததால் தெரிந்துகொண்டேன். இட்லிச் சட்டியில் போல்ட்டுகள் டீசலில் ஊறின. நான் முகம் துடைக்கும் துண்டில் கறுப்புக் கிரீஸ். தண்ணீர்ச் சொம்பில் கூட எண்ணெய் மிதந்தது. சொன்னால், "ராணுவத்துல இதவிட மோசமாத் தின்னுருக்கோம்" என்பார் கணவர். நான் எந்த ராணுவத்தில் சேர்ந்தேன் என்று கேட்கத் தோன்றும்.

புது கிராங்கின் ஸ்ட்ரோக் ஆறு மில்லிமீட்டர் கூடுதல். பிஸ்டன் ஆறு மில்லி மேலே வந்து முட்டும், அதனால் அதன் தலையில் ஆறு மில்லி சீவ வேண்டும் என்று ராஜபாளையம் லேத் பட்டறைக்குக் கிளம்பப் பார்த்தார்கள். "ஆறு ஏன்? மேல பாதி, கீழ பாதி. மூணுதான் ஏறும்" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறவளைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் பாதியைக் காணோம். சீவக் கொடுக்கும் முன் சரிபார்க்க, அதைப் பிஸ்டனின் தலையில் அப்பி, மேல்மூடியை முடுக்கி, கையால் எஞ்சினைச் சுற்றி, மாவு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்திருக்கிறார்கள். என் காய்கறிக் கத்தியால் அதை வெட்டி அளந்துவிட்டு, "பாத்தியாலே, மூணுதான் ஏறுது" என்று நண்பரிடம் வெற்றிக் களிப்போடு சொன்னார் கணவர். நான் சொன்னதை நம்பாதவர் மாவு சொன்னதை நம்பினார். எண்ணெய் படியாத மிச்ச மாவை அடுப்படியில் கொண்டுவந்து வைத்து, "சுட்டுரு, வீணாக்காத" என்றும் சொன்னார்.

கடைசியில் கார் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளவக்கல் அணைக்குப் போனோம். நன்றாகத்தான் ஏறியது, அதை மறைக்க மாட்டேன். முன்னால் அவர்கள் இருவரும் எஞ்சினின் புகழ் பாடிக்கொண்டு வந்தார்கள், நான் பின் சீட்டில் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை சாவியை எடுத்தேன். கணவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இழுவை கூடியதால் கிளட்ச்சையும் கடினமானதாக மாற்றியிருந்தார்கள், என்னிடம் அதைச் சொல்லவில்லை. இடுப்பைத் தூக்கி அழுத்தினால்தான் உள்ளே போனது. ரயில்வே கேட் மேட்டில், நான் குறை சொன்ன அதே மேட்டில், கார் மூன்று முறை துள்ளி நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை.

"ஏட்டி, உனக்கு இது ஏலாது. இப்ப இது ஆம்பள வண்டி" என்று சிரித்தார். என்னை இறங்கச் சொல்லிவிட்டு, அவர் ஓட்டுகிற பக்கம் மாறி உட்கார்ந்தார்.

"பழசையே திரும்ப மாட்டுங்க" என்றேன் அன்று சாயங்காலம்.

"பழைய சாமானெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. உனக்காகத்தான இம்புட்டும் பண்ணேன்?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பிறகு அது என் கைக்கு வரவே இல்லை.

மறுநாளிலிருந்து பஸ். இரண்டாவது வாரம், வன்னியம்பட்டி விலக்கு தாண்டி, ஜன்னலோரம் நின்றபடி போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் கார் வந்தது. ஆலங்குளத்தில் இருக்கும் நண்பரின் சகலைக்குக் காட்ட எடுத்துப் போகிறோம் என்று கணவர் காலையிலேயே சொல்லியிருந்தார். ஒரே மூச்சில் பஸ்ஸைத் தாண்டியது. தாண்டும்போது என்னைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்து, குழந்தையைப் போல முகமெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினார்.

டீசல் சாம்பாரை மறந்துவிடலாம். மாவையும் மறந்துவிடலாம். பஸ் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, நானும் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஆட்டினேனே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.