சிங்கப்பூர் சோபா

பறவைப் பூங்காவில் எல்லோரும் அண்ணாந்து கிளியைப் பார்த்துக்கொண்டிருக்க, தசரதன் மட்டும் குனிந்து, பக்கத்து பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரி வைத்திருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். பையில் ஒரு தேய்ப்பு. ஈரம் இறங்கவில்லை.

"ரெக்சின்" என்றார்.

அந்த அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தோல் என்றால் ஈரத்தைக் குடிக்கும். ரெக்சின் என்றால் ஈரம் மேலேயே நிற்கும். பல்லாவரத்தில் அந்தக் கட்டைவிரலுக்குத் தப்பியவர் கிடையாது. பாங்க் மானேஜரின் பெட்டி, சொந்த மாப்பிள்ளையின் பெல்ட், எல்லாவற்றுக்கும் நாலு பேர் எதிரில் தீர்ப்பு உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, பதினோரு வயதில் தோல் ஊறும் தொட்டியில் இறங்கியவர். ஐம்பத்தெட்டாவது வயதில் ஏரோப்பிளேன் ஏறிவிட்டார். "எம்.ஏ. படிச்சவன் என் ஷெட்டுல கணக்கு எழுதுறான். பல்லாவரத்துல வந்து கேட்டுப் பாரு" என்பார், கேட்காதவரிடமும்.

ஏறிய வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. 'வெளிநாடு செல்லும் தொழிலதிபர்' என்று சுவரொட்டி அடித்து, கூப்பிடு தூரத்து மீனம்பாக்கத்துக்கு இரண்டு வேன் வைத்து, ஐந்து மாலையோடு போனார். சுவரொட்டியில் போடாத சங்கதி ஒன்று இருந்தது. இவர் ஷெட்டில் தைத்த வெல்டிங் தோல் கையுறைகளை வாங்கிக்கொண்டிருந்த உள்ளூர் கம்பெனி கையை விரித்துவிட்டது. தைக்கிற பெண்கள் பதினாலு பேர். மூத்தவள் பொன்னியம்மாள் வேன் ஜன்னலருகே வந்து, "ஆர்டரு இல்லாம வந்தீன்னா நாங்க வேற ஷெட்டு பாத்துக்கிறோம், முதலாளி" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

சிங்கப்பூரில் துணைக்கு ஜெயசீலி. பல்லாவரத்தில் பக்கத்து வீட்டுப் பெண், இங்கே கட்டிக்கொடுத்து வந்தவள். லீவு போட்டுக்கொண்டு, ஊரைக் காட்டவும் இங்கிலீஷ் பேசவும் கூடவே அலைந்தாள். சிங்கச் சிலை வாயால் தண்ணீர் கொட்டுவதைக் காட்டினாள். "எங்க தெருக் குழாய்ல வராத தண்ணி இது வாய்ல வந்துகினு கீது" என்று தசரதன் நகர்ந்துவிட்டார்.

முதல் வியாபாரி சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். கடையில் தொங்கிய பெல்ட்டெல்லாம் ரெக்சின் என்று இவர் நிரூபித்துக் காட்டியதில், காபி வருவதற்குள் தெருவுக்கு வந்தாயிற்று.

"அண்ணா, அடுத்த எடத்துல அந்த விரலை ஜோபியிலயே வெச்சுக்குங்க. அவரு ஒருத்தருதான் பாக்கி" என்றாள் ஜெயசீலி.

"இன்னாம்மா, பொய் சொல்லச் சொல்றியா? தோலு விஷயத்துல இந்த வாய்ல பொய் வந்ததில்ல."

"பொய் வேணாண்ணா. கம்முனு குந்துங்க, அது போதும்."

அடுத்தவர் லிம். கப்பல் பட்டறைகளுக்குக் கையுறை சப்ளை. சாம்பிளைப் போட்டுப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், அறுநூறு டஜனுக்கு ஆர்டர் பாரத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார். திறந்தவர் எழுதவில்லை. தசரதன் உட்கார்ந்திருந்த சோபாவைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார்.

"இத்தாலிலேர்ந்து கப்பல்ல வரவழைச்சாராம், அசல் தோலாம். நீங்க தோல்காரராச்சே, எப்படி இருக்குன்னு கேக்கறாரு" என்றாள் ஜெயசீலி. அவள் கண் அவர் கட்டைவிரல் மேலேயே இருந்தது.

உட்காரும்போதே அது போட்ட சத்தத்தில் தசரதனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கட்டைவிரல் தானாகக் கிளம்பியது. நாக்குவரைக்கும் போயிற்று. பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. விரல் திரும்பி மீசையைச் சொறிந்தது.

"ஒரிஜினல்னு சொல்லும்மா" என்றார். "கன்னுக்குட்டித் தோலு. நாப்பத்தேழு வருஷ சர்வீசுல இவ்ளோ சுத்தமா நான் தொட்டதில்லன்னு சொல்லு."

லிம் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்.

லிஃப்டில் அவர்கள் இருவர்தான். கதவு மூடியதும் ஜெயசீலி கேட்டாள். "நெஜமாவே தோலாண்ணா?"

தசரதன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் மெதுவாகப் போட்டுக்கொண்டார்.